காலைப் பின்னல்

விபத்துக்கு முன் சுகந்தியின் கை செய்துவந்த வேலைகளையெல்லாம் அவள் கட்டியிருந்த மின்னணு மணிக்கட்டுப் பட்டை நினைவில் வைத்திருந்தது. உடைந்து சேர்ந்த கைக்கு அவை அத்தனையும் திரும்பினால்தான் அவள் மறுபடி பேருந்து ஓட்டலாம்.

கைப்பயிற்சி தரும் எஸ்தர் பட்டையின் பதிவைத் திரையில் பார்த்தாள்.

"பிடி நல்லா வந்துடுச்சுக்கா. ஒண்ணுதான் பாக்கி. தினமும் காலைல விரலால எதையோ மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க. இப்ப ஏன் செய்றதில்ல? வலிக்குதா?"

"வலியில்லம்மா. அது பாப்பாவுக்குச் சடை பின்னுறது." சுகந்தி கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு ஸ்கூட்டர்ல பின்னாடி அவதான் உக்காந்திருந்தா."

பயிற்சிக்கான பொம்மைத் தலை அலமாரியில் இருந்தது. அதை எடுக்க எஸ்தருக்கு மனம் வரவில்லை. உள்ளுக்குள் ஜெபித்தபடி தன் கொண்டையை அவிழ்த்து, சுகந்தியின் காலடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எனக்குப் பின்னி விடுங்கக்கா."

"ஒரே சிக்கு. எண்ணெயே வைக்க மாட்டியா?"

விரல்கள் தயங்கின, பிறகு தாமாக ஓடின. பாதியிலேயே திரை முழு மதிப்பெண் காட்டியது. எஸ்தர் அசையவில்லை. நுனிவரை பின்னி முடித்த சுகந்தி, பழக்கத்தில் அவள் முதுகைத் தட்டினாள்.

"நேரமாச்சு, ஓடு கண்ணு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

எஸ்தர் திரும்பிப் பார்க்காமல், "சரிம்மா" என்றாள்.