முன்பக்க ஜிப்

அலைச்சறுக்குக் கடையின் உடைமாற்றும் அறையில், காலில் பாலிதீன் பை மாட்டி வழுக்கவிட்டு, வெட்சூட் எனும் கறுப்பு ரப்பர் நீச்சலுடைக்குள் தன் பெருத்த உடம்பை மெல்ல ஏற்றுகிறாள் அவள். இடுப்பில் சிக்கவில்லை, கையைத் தூக்கினால் ரப்பரும் கூடவே நீள்கிறது. "ஜிப் முன்னாடியே இருக்கு பாருங்க. யாரையும் கூப்பிட வேணாம், நீங்களே போட்டுக்கலாம்," என்கிறார் திரைக்கு வெளியே கடைக்காரர். பழையதற்கு ஜிப் முதுகில். முழங்காலை முட்டுக்கொடுத்து, "மூச்சை இழுடி குண்டூஸ்... ம், இப்ப விடு," என்று இழுத்துவிடும் அக்காவைக் கடல் கொண்டுபோய் எட்டு மாதமாகிறது, அக்காவின் சறுக்குப் பலகை மட்டும்தான் கரைக்கு வந்தது. ஜிப் கழுத்துவரை ஏறிவிட்டது. "சரியா இருக்கா?" என்கிறார் கடைக்காரர். கச்சிதமாக இருக்கிறது. ஆனாலும் பழக்கதோஷத்தில் திரைக்கு முதுகைக் காட்டி, முடியை ஒதுக்கிப் பிடித்து, மூச்சை உள்ளிழுத்து நிற்கிறாள். விடச் சொல்ல வேண்டியவள் இன்னும் சொல்லவில்லை.