இடப்பக்கத்துப் பெட்டி

அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து எஞ்சினை எடுத்து அந்த அம்மாள் விசாரணை அறையின் மேசைமேல் வைத்ததும் ரயில் டிரைவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

ஒரு சாண் நீளம்தான். ஆனால் அவருடைய எஞ்சின். விபத்தன்று அவர் ஓட்டிய அதே டீசல் எஞ்சின்.

எண்ணில் மூன்றாவது இலக்கம் மட்டும் மயிரிழை மேலேறியிருந்தது. ஏணியின் கீழ்ப்படி நெளிந்திருந்தது. கண்ணாடி துடைக்கும் வைப்பர்கூட ஒரு பக்கம் குட்டை. அதோடு கிடந்து உழன்றவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். விசாரணை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டுத் தானாக வந்தவர். எஞ்சின் மாதிரிகள் செய்வது அவருக்குப் பொழுதுபோக்காம். நிஜ எஞ்சினின் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு திருகாணி விடாமல் ஒத்துப்பார்த்துச் செய்வாராம்.

டிரைவர் இரண்டு மாதமாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். எஞ்சினின் முன்தளத்தில் இடப்பக்கம் ஒரு பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள், வளைவில் அது பாதையை மறைத்தது, தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்து, அடிபட்டுச் செத்த ஆள் கண்ணிலேயே படவில்லை என்று.

அப்படியொரு பெட்டியே கிடையாது என்று எஞ்சினைப் பராமரிக்கும் ஷெட்டில் கைவிரித்துவிட்டார்கள். வரைபடத்தில் இல்லை. பதிவேட்டில் இல்லை. போய்ப் பார்த்தால் எஞ்சினிலும் இல்லை.

இப்போது டிரைவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மாதிரியின் வலப்பக்கம் மட்டுமே தெரிந்தது.

வைப்பரைக்கூட விடாத இந்தக் கை பெட்டியை வைக்காமல் விட்டிருந்தால், தீர்ந்தது. வேலையும் போகும், சிறையும் வரும்.

அம்மாள் எஞ்சினை மெல்லத் திருப்பினார்.

பெட்டி இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ஷெட் பொறியாளர் சிரித்தார். பொம்மையில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றார்.

அம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. விபத்துக்குப் பிறகு எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி, அதன்மேல் பூதக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்க பாருங்க சார். நாலு போல்ட் ஓட்டை. அடைச்சிட்டு மேல பெயின்ட் பூசியிருக்காங்க.”

விசாரணை அதிகாரி குனிந்து பார்த்தார். மாதிரியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு ஷெட்டுக்கு போன் போட்டு, அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். போனை வைக்கவில்லை, காதிலேயே பிடித்திருந்தார்.

பொறியாளரின் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் உள்ளங்கை வேர்வையைக் கால்சட்டையில் துடைத்தார். அது மறுபடி ஊறியது.

அதிகாரி போனில் வந்த பதிலைக் கேட்டுக்கொண்டே எதிரிலிருந்த தாளில் ‘4’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

பொறியாளர் எழுந்துகொண்டார். அவரை உட்காரச் சொன்னார் அதிகாரி.

அப்புறம் அம்மாளிடம், மாதிரிக்கு ஆதாரமான படங்களை எடுத்தது யார் என்று விசாரித்தார். பாதையில் வேலை பார்த்தவர் எடுத்தது, விபத்துக்குப் பதினோரு நாள் முன்னால் அனுப்பியது என்றார் அம்மாள். அதைச் சொல்வதற்குள் இரண்டு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

வாக்குமூலத்தில் அவர் கையெழுத்திட்டதும், தன் முன்னிலையில் சொன்னதுதான் என்று கீழே டிரைவரும் போட வேண்டியிருந்தது.

பெற்ற தாய்போல வந்து காப்பாற்றினீர்கள் என்று சொல்ல நினைத்தார். அம்மாள் எஞ்சினைப் பஞ்சில் பொதிந்துகொண்டிருந்தார், நிமிராமல்.

டிரைவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வழக்கில் சம்பந்தப்பட்ட எவருக்காவது உறவா என்ற கேள்விக்கு நேரே, குண்டு குண்டான எழுத்தில் பதில் இருந்தது.

‘இறந்தவருக்கு அக்கா.’