மேடம் வந்து பேசுவார்

ஆரணியிலிருந்து வந்த ஸ்வர்ணலதா மேடத்தின் கார் முள்ளிப்பட்டில் ஜெயப்ரியாவின் வீட்டு வாசலில் நின்றதும்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிற பிள்ளைகளுக்குக் கைகொடுக்க அவள் கல்லூரியில் ஒரு குழு உண்டு. அதற்குப் பொறுப்பு மேடம்தான். இங்கிலீஷில் நடத்திய பாடம் புரியாமல் ஓடிவிட இருந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர். சென்னையில் எம்.எஸ்சி. படிக்கலாம் என்று ஆசை காட்டியவரும் அவரே.

கடைசி வருடம் முடிவதற்குள் வீட்டில் மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று போன வாரம் அவரிடம்தான் அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டு, நானே வந்து அப்பாவிடம் பேசுகிறேன் என்றார். சொன்னபடி வந்தும்விட்டார். அந்த மனசு யாருக்கு வரும்!

அப்பா வேணுகோபால் தறிக்குழியிலிருந்து அவசரமாக ஏறிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அம்மா காபி போட, ஜெயப்ரியா சமையலறை வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

மேடம் அவளைப் புகழ்ந்தார். படிப்பு, பணிவு, அடக்கம். குனிந்த தலை நிமிராத பெண் என்றார். அப்பாவைக் குளிரவைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார் என்று ஜெயப்ரியா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பிறகு, உங்கள் குலதெய்வம் எது என்று கேட்டார். அப்பா சொன்னார்.

"அப்ப நாம பங்காளி இல்லீங்க."

மேடத்தின் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

காபி டம்ளரோடு வந்த ஜெயப்ரியா நின்றுவிட்டாள். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. படிப்பைப் பற்றிப் பேச வந்தவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

அதுவரை காரிலேயே இருந்த மேடத்தின் கணவர் பூவும் பழமும் வைத்த தட்டோடு இறங்கி வந்தார்.

"பொண்ணு பாக்கன்னு தனியா ஒரு நாள் வேணாங்க. ரெண்டு வருசமா நான் பாத்துகினுதான இருக்கேன். எங்க பையனுக்கு இவதான்," என்றார் மேடம்.

பாவி, அழுதபோது கண்ணைத் துடைத்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளா?

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அப்பா மட்டும் தட்டைத் தொடவில்லை. மாப்பிள்ளை வேண்டுமென்று ஊரெல்லாம் சொல்லிவைத்த மனிதர், இப்போது மகளின் முகத்தைப் பார்த்தார்.

"புள்ள மேல படிக்கணும்னு ஆசைப்படுதுங்க. படிக்க வெச்சிடலாமான்னு நானும் யோசிச்சிகினுதான் இருந்தேன். நீங்க இன்னா சொல்றீங்க மேடம்?"

ஜெயப்ரியா ஆசையோடு மேடத்தைப் பார்த்தாள்.

"பொம்பளப் புள்ளைக்கு ஒரு டிகிரி போதுங்க."

அப்பா தலையாட்டிக்கொண்டே தட்டை வாங்கினார். மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டு வருடமாக அப்பாவிடம் சொல்லிச் சொல்லி நம்பவைத்தவள் ஜெயப்ரியாதான்.