ஜசுபென்னின் வேண்டுதல்

“வாயை ஊதுங்க.”

“என்னடி இது, போலீஸ்காரன் மாதிரி?”

“ஊதுங்கன்னு சொல்றேன்ல!”

தன்சுக்லால் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வேறு வழியில்லாமல் ஊதினார். எண்ணெயில் பொரித்த கடலைமாவும் ஓமமும் மிளகாயும் கலந்த வாசனை ஜசுபென்னின் முகத்தில் அடித்தது. ராஜ்கோட்டிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு அது. எந்தக் கடை என்றுகூடச் சொல்லிவிடும்.

“ஃபாஃப்டா! எவ்வளவு?”

“நூறு கிராம்தான்.”

“ஜிலேபி?”

“அது இல்லாம ஃபாஃப்டா எப்படி உள்ளே இறங்கும்?”

ஜசுபென்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமாஜ மண்டபத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்து ஒரு மாதம்தான் ஆகிறது. புருஷன், பெண்டாட்டி இருவருமே எடை பார்த்து, ரத்தம் கொடுத்தார்கள். முடிவை டாக்டரிடம் வாங்கி வந்து படித்துச் சொன்னவரே இவர்தான். “உனக்கு ஒண்ணுமில்ல ஜசு. எனக்குத்தான் சர்க்கரை எல்லையில நிக்குதாம். பத்து கிலோ குறைக்கலைன்னா ஆயுசுக்கும் மாத்திரைதான்னு டாக்டர் சொல்லிட்டார்.”

கேட்டதும் ஜசுபென்னுக்குக் கை கால் ஓடவில்லை. அவளுடைய அப்பாவுக்கு ஒரு கால் போனதே இந்தப் பாழாய்ப்போன சர்க்கரையால்தான். அது தெரிந்தும் இந்த மனுஷன் ஜிலேபிக் கடையில் போய் நிற்கிறாரே!

“நாளைக்கு ஆரம்பிக்கிறேன். உடம்பைக் குறைக்கணும்னா முதல்ல மனசு தயாராகணும், ஜசு.”

“ஒரு மாசமாவா தயாராகுது? கல்யாணப் பொண்ணுகூட ஒரு மணி நேரத்துல தயாராயிடுவா!”

“நீ மட்டும் என்னவாம்? முட்டி வலிக்குதுன்னு போன வருஷம் வெந்நீர்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சியே, எத்தனை நாள் ஓடுச்சு?”

“என் கதையை எதுக்கு இப்போ இழுக்கிறீங்க? என் உடம்பு எக்கேடு கெட்டா என்ன? நீங்க நல்லா இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு!”

தன்சுக்லால் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “என் நாக்கு என் பேச்சைக் கேக்காது. வேணும்னா உன் மாதாகிட்ட சொல்லிப் பாரு.”

“சொல்றேன். சொல்லாம விடுவேனா?”

அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இது கைவந்த கலை. வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும், அது தீரும்வரை தங்கள் வாயைக் கட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். ஜசுபென்னும் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நேரே கோடியார் மாதா கோவிலுக்குப் போனாள். “இவருக்குச் சர்க்கரை இறங்கற வரைக்கும் இனிப்பு, நெய், எண்ணெயில பொரிச்சது எதையும் தொடமாட்டேன் தாயே. தினமும் காலையில நடந்தே வந்து உன்னைக் கும்பிடறேன்.”

சாமியிடம் சொன்ன சொல்லாயிற்றே. தீபாவளிக்கு நெய் சொட்டச் சொட்ட இரண்டு தட்டு மோகன்தால் இனிப்பு கிளறி ஊருக்கெல்லாம் கொடுத்தாள். விரலில் ஒட்டியதைக்கூட நக்கவில்லை. மழையானாலும் குளிரானாலும் கோவில் நடை நிற்கவில்லை. அவர் பாட்டுக்கு, “மனசு இன்னும் தயாராகல” என்று சொல்லிக்கொண்டு ஞாயிறு தவறாமல் ஃபாஃப்டா தின்றார். இவளுக்கோ ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போனது.

“பாருங்க, உங்க கவலையில நான் துரும்பா இளைச்சுட்டேன்! உங்களுக்குக் கொஞ்சமாவது உறைக்குதா?”

உறைத்ததாகத் தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்து இருவருக்கும் மறுபடி எடை பார்த்து, ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் வசாவடாவின் அறை வாசலில் தன்சுக்லால் அவளைத் தடுத்தார்.

“நீ இங்கேயே உக்காரு. நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

“அது நடக்காது. நான் ஏழு மாசமா கத்தினேன், கேக்கல. டாக்டர் கிட்டயாவது வாங்கிக் கட்டிக்குங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்.”

அவரைத் தள்ளிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். ஆனால் டாக்டரோ காகிதங்களைப் புரட்டிவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“பிரமாதம்! பன்னிரண்டு கிலோ குறைஞ்சிருக்கு. சர்க்கரையும் நல்லா இறங்கிடுச்சு. மாத்திரைக்கு அவசியமே இல்ல.”

“தாயே!” ஜசுபென் இரு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. மறுகணமே சந்தேகம் வந்துவிட்டது. “இவருக்கு எப்படி டாக்டர் பன்னிரண்டு கிலோ குறையும்? ஒரு வாரம்கூட ஜிலேபியை விடல. தொந்தியைப் பாருங்க, அப்படியேதானே இருக்கு!”

டாக்டர் விழித்தார். “இவருக்கா? இவருக்கு அன்னைக்கும் சர்க்கரை இல்ல, இன்னைக்கும் இல்ல. குறைஞ்சது உங்களுக்குத்தானே, ஜசுபென்!”

ஜசுபென் திரும்பினாள். தன்சுக்லால் தரையைப் பார்த்தபடி முனகினார்:

“உனக்குத்தான்னு சொல்லியிருந்தா, நீ வேண்டிக்கிட்டிருப்பியா?”