வெள்ளை உடைக்காரி

"வந்துட்டா! மூலை நாற்காலியில உக்காந்திருக்கா, பாரு!" கைத்தடியை நீட்டிக் காட்டினார் புஷைப்.

"அங்க யாருமில்ல ஹாஜி," என்றாள் இத்தோ. ரமலான் முடிந்த கையோடு அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவள். ஐம்பதை நெருங்கும் பெண். "கண் டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. "பார்வை மங்கினா மூளை சும்மா இருக்காது ஹாஜி. தெரியாத எடத்தைத் தானே வரைஞ்சு நிரப்பிக்கும். வயசானவங்க பல பேருக்கு இப்படி ஆகும். பைத்தியமில்ல, பயப்படாதீங்க," என்றிருந்தார் டாக்டர்.

அதன்பிறகு சுவரில் பூக்கொடி படர்ந்தாலும், கம்பளத்தின்மேல் குட்டிக் குதிரைகள் ஓடினாலும் புஷைப் சிரித்துக்கொள்வார்.

இந்தக் கிழவி மட்டும் இந்த வாரம்தான் வரத் தொடங்கியிருந்தாள். விதவையின் வெள்ளை உடை. மார்போடு அணைத்த ஒரு புகைப்படம். யாரென்று அவருக்குத் தெரியும். பாலைவனச் சிறைக்கு அவர் அதிகாரியாக இருந்தபோது, மகனைக் கேட்டு வாசலிலேயே கிடந்தவள். அவள் ஊரைக் கூட்டிப் போட்ட கூச்சலில்தான் அவருடைய பதவி போனது.

இத்தோ புதினாத் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதின. பிறகு அவள் வெளியேறும் காலடிச் சத்தம்.

புஷைப் கிழவிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். நிஜத்தில் தீர்க்க முடியாத வஞ்சத்தை நிழலிடமாவது தீர்த்துக்கொள்ளலாமே!

"என்ன கெழவி, ஓம் மவனை இன்னும் தேடுறியா?"

உருவம் அசையவில்லை.

"தப்பிச்சு ஓடிட்டான்னு சொன்னோமே, நம்பினியா? வந்த வாரமே செத்துட்டான். தண்ணி தண்ணின்னு கத்தினான். குடுக்கலையே! ஒன்னை மாதிரியே அவனுக்கும் வாய் நீளம்."

சொல்லச் சொல்ல அவருக்கு நாக்கில் தேன் ஊறியது.

"எடத்தையும் சொல்லவா? சிறைக்குப் பின்னால பாழுங்கிணறு. அதுக்குக் கெழக்கால ஒத்தைப் பேரீச்ச மரம். அந்த மரத்தடியிலதான் அவன். அவன் மேல நின்னுதான் தெனமும் சிகரெட் குடிப்பேன்!"

கிழவியின் தோள்கள் குலுங்கின. 'அடேயப்பா, இந்த மூளைக்குத்தான் என்ன கைவண்ணம்!' என்று வியந்தார்.

கிழவி எழுந்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ஃபோன்ல எல்லாம் பதிவாயிடுச்சாடி, இத்தோ? ஒங்கண்ணன் கெடைச்சுட்டான்."