காசியில் விட்ட பழம்

"தின்னு."

சின்னையன் தட்டை மனைவி முன்னால் தள்ளினார். செந்தூரம் மாம்பழம். ரெண்டு கதுப்பாக அறுத்து, நடுவில் கொட்டை.

"வேண்டாங்க" என்றாள் மயிலாத்தாள்.

"நீ தண்ணி ஊத்தி வளத்த மரம் புள்ள. முதல் காய்ப்பு. ஒரு வாய் தின்னா என்ன?"

"காசியில விட்டதைத் தொடப்படாதுங்க."

சின்னையனுக்குச் சுர்ரென்று ஏறியது.

காசிக்குப் போனால் பிடித்ததை விட்டுவிட்டு வரவேண்டும். எருத்தேன்பதியிலிருந்து பஸ் வைத்துப் போன கூட்டத்தில் பாதிப் பேர், பிறந்ததிலிருந்து பிடிக்காத பாகற்காயைக் கங்கையில் விட்டுவிட்டு நிம்மதியாக ஊர் வந்து சேர்ந்தார்கள். மயிலாத்தாள் மட்டும் உயிருக்கு உயிரான மாம்பழத்தை விட்டாள். மாந்தோப்புக் குத்தகைக்காரன் பெண்டாட்டி!

"என்னத்துக்கு விட்டே?"

"புண்ணியமுங்க. போற எடத்துல நல்லா இருக்கோணுமல்லோ."

"போற எடத்துல மாந்தோப்பு இருக்குதா? யாரு குத்தகை?"

"கிண்டல் வேண்டாங்க."

"ஏம் புள்ள, நான் பூவைப் பாத்துத்தான் தோப்புக்கு அட்வான்ஸ் குடுக்கறவன். பூவாச்சும் கண்ணுல தெரியோணும். நீ மரத்தையே பாக்காத தோப்புக்கு வாயைக் கட்டி அட்வான்ஸ் கட்டறே! மாம்பழம் கேட்டா காசிங்கறே, பலாப்பழம் குடுத்தா வாயுங்கறே. நான் எதையாச்சும் விட்டனா? என்ற வாய்க்கு நாந்தான் எசமான்னு கங்கைக் கரையிலயே சொல்லிப்போட்டு வந்தேன்."

"சொன்னீங்க. கேட்டுட்டுத்தான் நின்னேன்."

"செத்த பொறகு அங்க நீ தின்னறதை நான் வந்து பாக்கவா போறேன்? இப்பத் தின்னு. நான் பாக்கோணும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னையன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இடது காலில் கட்டு. சர்க்கரை முற்றிப் பெருவிரலை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புண் இன்னும் ஆறவில்லை.

"சரி, பேரம் பேசிக்கலாம். ஒரு கதுப்பு நீ தின்னா, இன்னொண்ணை நான் தொட மாட்டேன். நீ தின்னாட்டி ரெண்டும் எனக்கு."

அடுப்படியிலிருந்து மகள் யோகப்பிரியா ஓடி வந்தாள்.

"அப்பா! இனி சர்க்கரை ஏறுனா முழங்காலோட எடுக்கோணும்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"என்ற காலு. உங்கம்மாகிட்டச் சொல்லு."

"அம்மா, ஒரு கதுப்பு தின்னு தொலையேம்மா!"

மயிலாத்தாள் தலையை ஆட்டி மறுத்தாள்.

சின்னையன் ஒரு கதுப்பை எடுத்தார். சாறு மணிக்கட்டில் வழிந்தது.

"ஒண்ணு..."

"அப்பா, வேண்டாங்கப்பா!"

"ரெண்டு..."

யோகப்பிரியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. "அவரு காலை விட உனக்குச் சொர்க்கம் பெருசாப் போச்சாம்மா? நீயெல்லாம் ஒரு மனுசியா?"

மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது.

சின்னையன் மூன்று சொல்லவில்லை. கதுப்பு நேராக வாய்க்குப் போனது.

பல் படுவதற்குள் அவர் கை காலியாக இருந்தது. பிடுங்கிய கதுப்பை மயிலாத்தாள் தோலோடு கடித்துக்கொண்டிருந்தாள். அதை முடித்தாள். தட்டில் இருந்த அடுத்ததையும் எடுத்தாள். கடைசியில் கொட்டையையும் விடவில்லை. அவர் தொடுவதற்குத் தட்டில் எதுவுமே இல்லை.

சின்னையன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பேரத்துல என்னை ஜெயிச்சவன் எவனுமில்லை! போச்சு பாத்தியா, உன்ற சொர்க்கம்!"

மயிலாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். அப்புறம் கண்ணை.

"என்ற சொர்க்கம் பத்திரமா இருக்குதுங்க. நான் எனக்குன்னு விட்டது பலாப்பழம். நீங்க எதையும் விடமாட்டேன்னு கரையில நின்னீங்களே, மாம்பழம் உங்க பங்குக்கு விட்டது."

சின்னையனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அங்க நீங்க எனக்குக் கெடைக்காட்டிப் போகுதுங்க. இங்க ரெண்டு கால்ல நில்லுங்க."