முதல் ஞாயிறு

“தண்ணில முழுகாதவனுக்கு மோட்சம் உண்டா, இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க பாஸ்டர்.”

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்துக்குள் இருந்தது அந்தச் சின்னச் சபை. ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பாஸ்டர் எலியேசர் நிமிர்ந்து பார்த்தார். கேட்டவர் மாடம்பாக்கம் எத்திராஜ். வயது அறுபத்தேழு. மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேட்டில் இருபத்தெட்டு வருடம் செக்யூரிட்டியாக நின்றவர். ரிடையர் ஆன பிறகும் அந்த விறைப்பு போகவில்லை.

“ஒரே வார்த்தைல சொல்ற விஷயமில்லைங்க ஐயா” என்றார் எலியேசர். “விசுவாசம்தான் முதல்ல. ஞானஸ்நானம் அதுக்கு அடையாளம். இயேசு பக்கத்துல சிலுவைல தொங்கினானே ஒரு கள்ளன், அவன் எந்தத் தொட்டில முழுகினான்? கடைசி நேரத்துல, என்னையும் நெனச்சுக்கோங்கன்னு கேட்டான். அன்னிக்கே மோட்சம் கிடைச்சுது.”

“அவனுக்குக் கை கால்ல ஆணி அடிச்சிருந்தாங்க, எறங்க முடியல. எனக்கு இன்னா கேடு? ரெண்டு காலும் நல்லாத்தான் கீது. கேட்ல நின்னவன் பாஸ்டர் நானு. மொதலாளியோட மச்சானா இருந்தாலும் பாஸ் இல்லாம உள்ள வுட்டதில்ல. அங்க போய் நானே பாஸ் இல்லாம நின்னா நல்லாவா இருக்கும்?”

“எங்க போய்?”

“சரளா இருக்கிற எடத்துக்கு.”

அந்தப் பேரைச் சொன்னதும் விறைப்பெல்லாம் இறங்கிவிட்டது.

மனைவி சரளா போய் எட்டு மாதம் ஆகிறது. எலியேசர் இந்தச் சபைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். அவளைப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

முப்பது வருடம், ஞாயிறு தவறாமல் அவளை டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து சபை வாசலில் விட்டவர் எத்திராஜ். “உள்ளதான் வாங்களேன்” என்பாள் எப்போதாவது. “நீ போய்ட்டு வா. எனக்கு டீ போதும்” என்று எதிர்க் கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். ஆராதனை முடியப் பன்னிரண்டரை ஆகும். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் சரளா அரை மணி முன்னாலேயே எழுந்து வந்துவிடுவாள். மாதத்தில் ஒரு நாளாவது புருஷன் வெயிலில் காயாமல் இருக்கட்டும் என்று நினைக்கிறாளே என்று அவருக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோகும்.

இப்போதும் வண்டியில் முன்னால் தள்ளித்தான் உட்காருகிறார். பின்னால் அவளுக்கு இடம் வேண்டுமே. அந்த இடம் காலியாகவே வருவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“அவங்களுக்காக மட்டும் ஞானஸ்நானம் எடுக்கக் கூடாதுங்க ஐயா” என்றார் எலியேசர் மெதுவாக. “இயேசுவை நம்புறீங்களா?”

“சரளா தக்காளியைக்கூட ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்துத்தான் வாங்குவா. அவ முப்பது வருஷம் ஒருத்தரை நம்பினான்னா சும்மாவா? மொதல்ல அவளுக்காகத்தான் பைபிளத் தொட்டேன். இப்ப வண்டி ஓட்டும்போதுகூட அவர்கிட்டதான் பேசிக்கினு வரேன். சிக்னல்ல பக்கத்துல நிக்கிறவன் ஒரு மாதிரி பாக்குறான்.”

எலியேசருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆனாலும் முறை முறைதான். மூன்று மாதம் வேதபாட வகுப்புக்கு வரச் சொன்னார். எத்திராஜ் ஒரு நாள்கூட லேட்டாக வரவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. மேடைப் பலகைகளைத் தூக்கிவிட்டு அடியில் இருந்த தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். எத்திராஜ் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இறங்கினார். எலியேசர் அவரை முழுதாக முக்கித் தூக்கினார். சபையார் கை தட்டிப் பாடினார்கள்.

“சரளா, பாஸ் வாங்கிட்டேன் பாத்துக்கோ” என்று முணுமுணுத்தபடி படியேறினார். முகத்தில் வழிந்தது முழுக்கத் தொட்டித் தண்ணீர் அல்ல.

சரளாவோடு எப்போதும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவந்த புஷ்பலதா, துண்டோடு ஓடி வந்தாள்.

“தொடைச்சிக்கோங்கண்ணா. இந்த ஒரு நாளுக்குத்தான் அவ அத்தினி வருஷம் காத்துக்கினு இருந்தா. உசுரோட இருந்திருந்தா இன்னிக்கு உங்க கூடவே எறங்கியிருப்பா.”

“அவ எதுக்கும்மா மறுபடியும் எறங்கணும்?”

“மறுபடியுமா?” புஷ்பலதா திகைத்துப்போனாள். “அவ ஞானஸ்நானமே எடுக்கலியேண்ணா! பழைய பாஸ்டர் வருஷா வருஷம் கூப்புடுவாரு. ‘அவரு வெளிய நிக்க, நான் மட்டும் உள்ள போய் இன்னா பண்ணப் போறேன்? அவரு வரட்டும், சேந்தே எடுத்துக்கறோம்’னுடுவா. ஞானஸ்நானம் எடுக்காதவங்க மாசாமாசம் நடக்கிற திருவிருந்துல அப்பம், ரசம் வாங்கக் கூடாதில்ல? அதான் முதல் ஞாயிறு அப்பத்தை எடுத்து வச்சதுமே எழுந்து வெளிய போயிடுவா. உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சோம்!”

எத்திராஜ் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார். வாசலுக்கு வெளியே எதிர் டீக்கடையும், அதன் முன்னால் நிறுத்தியிருந்த அவருடைய வண்டியும் தெரிந்தன. திரும்பி எலியேசரின் ஈரக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பாஸ்டர், அந்தக் கள்ளன் கதைய இன்னொரு தரம் சொல்லுங்க. பாஸ் இல்லாமத்தானே அவன உள்ள வுட்டாங்க?”